பிளந்த மலையும் பேசும் பெயர்களும்

மலை என்றவுடன் அதன் உயரத்தைக் கேட்பது உலக வழக்கம். அவ்வாறு கேட்பவர்களுக்கு நான் இங்கே எழுதப்போகும் மலை ஏமாற்றமே தரும். அதன் உயரம் 1,594 அடிதான். மீட்டர்க் கணக்கில் 486. நன்றாக நடக்கக்கூடியவர் ஒரு மணி நேரத்தில் உச்சியை அடைந்துவிடலாம். பொன்னும் மணியும் அங்கே கிடைப்பதில்லை. ஆயினும் பல தலைமுறைகளாக மக்கள் அம்மலையின் மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிச் சென்றார்கள். இறந்தவரின் பெட்டிமேல் அதைத் தூவினார்கள். புதுக் கோயிலுக்குக் கால்கோள் செய்தபோது அடித்தளத்தில் இட்டார்கள். விளைச்சல் பெருகும் என்று வயலிலும் தெளித்தார்கள். மற்ற மலைகளுக்கு இல்லாத இந்தப் பெருமை இதற்கு எப்படி வந்தது?

வேல்சு நாட்டின் தென்கிழக்கு மூலையில், இங்கிலாந்தின் எல்லையை ஒட்டி, அபர்கவெனி என்னும் சந்தை நகரம் இருக்கிறது. அந்நகருக்கு வடகிழக்கே தனித்து நிற்பதுதான் அம்மலை. ஆங்கிலத்தில் அதனை ஸ்கிரிட் என்பர். வேல்சு மொழியில் அதன் பெயர் அஸ்கரிட் வவ்ர். 'வவ்ர்' என்றால் பெரியது. நகரத்தை ஒட்டிச் சிறிய ஸ்கிரிட் ஒன்றும் இருப்பதால் இதற்கு இவ்வடைமொழி. 'அஸ்கரிட்' என்னும் சொல்லுக்குப் பிளவுண்டது என்று பொருள் கூறுவர். ஆகவே தமிழில் 'பெரும் பிளவு மலை' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஊரார் அதனைப் 'புனித மலை' என்றும் வழங்குவர்.

கார்டிப் நகரில் சில மாதங்கள் தங்கிப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கிருந்து அபர்கவெனிக்கு இரயிலில் ஒரு மணி நேரத்திற்கும் குறைந்த பயணம். நிலநூல் மாணவனாகிய நான் பாறையைப் பார்க்கவே அங்கே போனேன். ஆனால் பாறையோடு நிற்க முடியவில்லை. மலையைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்ப் பலகைகள் என்னை வேறு திசைக்கு இழுத்தன. பாறை சொன்னதையும் பெயர்கள் சொன்னதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

மலை ஏன் பிளந்தது?

அபர்கவெனியைச் சுற்றி மூன்று மலைகள் உண்டு. மேற்கே சர்க்கரைக் கூம்பு போல் நிற்பதால் அப்பெயரே பெற்ற சுகர் லோப், தென்மேற்கே இரும்புத் தொழிலுக்கும் நிலக்கரிக்கும் பேர்போன நாட்டின் வாயிலாக நிற்கும் பிளாரெஞ்ச், வடகிழக்கே ஸ்கிரிட். மூன்றிலும் குட்டையானது ஸ்கிரிட்டே. ஆயினும் கண்ணை முதலில் பறிப்பதும் அதுவே. காரணம் அதன் வடிவம். தெற்கிலிருந்து வடக்காக நீண்ட முதுகுபோல் அது ஓடுகிறது. அம்முதுகின் மேற்குப் பக்கத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே, யாரோ பெருங்கோடரியால் ஓங்கி வெட்டியதுபோல் ஒரு பிளவு தெரிகிறது.

அப்பிளவுக்கு மக்கள் கூறும் காரணங்கள் பல. ஏசுநாதர் சிலுவையில் உயிர்விட்டபோது நிலம் நடுங்கிப் பாறைகள் பிளந்தன என்று மத்தேயு எழுதிய நற்செய்தி கூறுகிறது. அந்த நடுக்கம் இம்மலையையும் பிளந்துவிட்டது என்பது ஒரு கதை. இத்தாலி நாட்டில் காயேத்தா என்னும் கடற்கரை ஊரில் பிளந்து நிற்கும் குன்றுக்கும் இதே கதையைச் சொல்வார்கள். நோவாவின் பேழை மோதியதால் பிளந்தது என்பது மற்றொரு கதை. ஜாக் ஓ கென்ட் என்னும் மாயக்காரன் சுகர் லோப் மலையிலிருந்து இம்மலைக்கு ஒரே தாவாகத் தாவினான். அவன் குதிகால் பதிந்த இடமே பிளவு என்பது மூன்றாம் கதை. முதல் கதைதான் மண்ணுக்குப் புனிதம் தந்தது.

நிலநூல் கூறுவது வேறு. இம்மலையின் பாறைகள் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் எனப்படும் ஊழியில், ஆறுகள் கொணர்ந்த மணலும் சேறும் இறுகி உண்டானவை. இரும்புச் சத்து மிகுந்தமையால் அவை செந்நிறம் பெற்றன. உச்சியில் இருப்பது கடினமான மணற்கல். அதன் அடியில் இருப்பது மெல்லிய களிக்கல். மழைநீர் மணற்கல்லின் வெடிப்புகளில் இறங்கிக் களிக்கல்லை ஊறவைக்கிறது. ஊறிய களிக்கல் வழுக்கும். மேலிருக்கும் சுமையைத் தாங்காது.

இந்நிலையில் பனியூழியின் வேலையும் சேர்ந்துகொண்டது. அக்காலத்தில் இப்பள்ளத்தாக்குகளில் பனியாறுகள் நிறைந்திருந்தன. அவை மலைச்சரிவுகளை அரித்துச் செங்குத்தாக்கின. பின்னர்ப் பனி உருகி விலகியது. அதுவரை சரிவுக்கு அணைவாக இருந்த பனிச்சுவர் போனவுடன், மேலிருந்த மணற்கல் பாளம் பிரிந்து சறுக்கிக் கீழே வந்தது. முதுகிலிருந்து விலகிய பாளத்திற்கும் முதுகுக்கும் இடையே உள்ள பள்ளம்தான் நாம் காணும் பிளவு. கோடரியும் இல்லை, குதிகாலும் இல்லை. நீரும் பனியும் மண்ணின் சொந்த எடையும் செய்த வேலை அது.

இவ்விளக்கத்தை அறிந்ததனால் அந்தக் கதையின்மேல் எனக்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை. பாறை இயல்பாக நிற்கும் நிலை இதுவன்று, ஏதோ ஒரு பேரதிர்ச்சி இங்கே நிகழ்ந்திருக்கிறது என்பதை அக்கதை சொன்ன உழவர்கள் கண்டுகொண்டார்கள். அவர்கள் அறிந்த பேரதிர்ச்சி வேதத்தில் இருந்தது. அதனையே காரணமாகக் கூறினார்கள்.

உச்சியில் இரண்டு கற்கள்

தென்புறத்துக் காட்டு வழியாக ஏறி, நீண்ட முதுகின்மேல் நடந்து, வடகோடியிலுள்ள உச்சியை அடைந்தேன். காற்று ஆளைத் தள்ளியது. கிழக்கே ஹெரிபோர்டு நாட்டின் வயல்கள் பச்சைக் கம்பளம்போல் விரிந்து கிடந்தன. மேற்கே கருமலைகள் எனப்படும் தொடர் சுவர்போல் நின்றது. ஒருபுறம் இங்கிலாந்து, மறுபுறம் வேல்சு. இரண்டையும் ஒரே பார்வையில் காணலாம்.

உச்சியில் புல்லால் மூடிய சிறு மேடும், நட்டுவைத்த இரண்டு கற்களும் இருக்கின்றன. வேறொன்றும் இல்லை. அக்கற்கள் ஒரு காலத்தில் ஒரு சிறு கோயிலின் வாயிலாக இருந்தன. மிக்கேல் சம்மனசின் கோயில் அது. வானவர் படைக்குத் தலைவரான மிக்கேலுக்கு உயர்ந்த இடங்களில் கோயில் எடுப்பது இடைக்கால ஐரோப்பாவின் வழக்கம். பிரான்சில் மோன் சான் மிஷேல், இங்கிலாந்தில் கார்ன்வால் கரையோரத்து மிக்கேல் குன்று, கிளாஸ்டன்பரிக் குன்றின் உச்சிக் கோபுரம் ஆகியவை அவ்வழக்கத்தைக் காட்டுவன. அவை பெரியன, உலகறிந்தன. ஸ்கிரிட் கோயிலோ இடிந்து தரையோடு தரையானது. ஆனால் இங்கே நடந்தது அங்கெல்லாம் நடந்ததினும் துயரமானது.

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரசு உரோமாபுரியை விட்டுப் பிரிந்து தனிச்சபை கண்டது. கத்தோலிக்க வழிபாடு குற்றமாயிற்று. வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றவர் நாட்டுக்குள் வந்தாலே அது அரசத் துரோகம் என்று 1585ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆயினும் இந்த எல்லைப்புறத்தில் பழைய மதத்தைக் கைவிடாத குடும்பங்கள் பல இருந்தன. ஊர்க் கோயில்கள் புதிய சபைக்குப் போய்விட்டன. அவர்கள் எங்கே கூடுவது? மலை இருந்தது. இடிந்த கோயிலாயினும் உச்சியில் இருந்தது. யார் வந்தாலும் தொலைவிலேயே தெரியும். செப்டம்பர் மாதத்தில் வரும் மிக்கேல் திருநாளில் மக்கள் அங்கே ஏறிப் பூசை கண்டனர். 1676ஆம் ஆண்டில், அந்நாளில் அங்கு வந்து வேண்டுவோர்க்குப் பத்தாம் கிளமெண்ட் என்னும் போப்பரசர் பரிபூரண பலன் அளித்தார். உரோமாபுரியில் இருந்தவர் இந்தச் சிறு குன்றை நினைத்தார் என்றால், அங்கு ஏறியவர்களின் உறுதியை நாம் உணரலாம்.

இரண்டாண்டு கழிவதற்குள் புயல் வந்தது. அரசனைக் கொல்லக் கத்தோலிக்கர் சதி செய்கின்றனர் என்று 1678இல் டைட்டஸ் ஓட்ஸ் என்பவன் ஒரு பொய்யைக் கிளப்பினான். நாடே வெறிகொண்டது. மலையின் வடக்கு அடிவாரத்து மாளிகை ஒன்றில் வாழ்ந்தவர் ஜான் ஆர்னால்டு, நீதிபதி, பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர், குருமாரை வேட்டையாடுவதில் முன்நின்றவர். மலையுச்சியில் கத்தோலிக்கர் நூறு பேர் கூடக் கண்டதாக அவர் வாக்குமூலம் அளித்தார். தம் வீட்டுக்கு மேலே நிற்கும் மலையே அவருக்குச் சான்றாயிற்று.

அவ்வேட்டையில் அகப்பட்டவர்களுள் ஒருவர் டேவிட் லூயிஸ். அபர்கவெனியில் 1616இல் பிறந்தவர். அவர் தந்தை அந்நகரத்துப் பள்ளியின் தலைமையாசிரியர். லூயிஸ் உரோமாபுரியில் பயின்று, இயேசு சபைத் துறவியாகித் தாய்நாடு திரும்பி, முப்பதாண்டுக்கு மேல் இவ்வட்டாரத்தில் மறைந்து தொண்டாற்றினார். மக்கள் அவருக்கு இட்ட பெயர் 'ஏழைகளின் தந்தை'. அதை அவர்கள் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. வேல்சு மொழியில் சொன்னார்கள். 1678 நவம்பரில் அவர் பிடிபட்டார். 1679 ஆகஸ்டு 27ஆம் நாள் அஸ்க் என்னும் ஊரில் தூக்கிலிடப்பட்டார். சதி செய்ததாக அவர்மேல் எதுவும் நிறுவப்படவில்லை. குருவாக இருந்ததே குற்றம். 1970இல் உரோமாபுரி அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது.

லன் என்னும் சொல்

மலையை விட்டுக் கீழே இறங்குவோம். சுற்றிலும் சிற்றூர்கள். லன்தெவி ஸ்கிரிட், லன்விஹாங்கல் குருக்கார்னி, லன்டிலியோ பெர்தோலி, லன்வெதரின், லன்கட்டாக் லிங்காய்டு. எல்லாம் 'லன்' என்றே தொடங்குவதைப் பாருங்கள். எழுதும்போது இரண்டு லகரம் எழுதுவர். ஒலிக்கும்போது நாக்கை லகரத்திற்கு வைப்பதுபோல் வைத்து, குரலெழுப்பாமல், நாவின் இருபுறமும் காற்றை ஊத வேண்டும். நம் எழுத்தில் அதற்கு வடிவமில்லை. லகரம் கொண்டே எழுதுகிறேன்.

'லன்' என்பதற்கு முதற்பொருள் வேலியிட்ட நிலம். பழத்தோட்டத்திற்கும் திராட்சைத் தோட்டத்திற்கும் ஆட்டுப்பட்டிக்கும் வேல்சு மொழியில் வழங்கும் சொற்களின் ஈற்றில் இச்சொல் இன்றும் ஒட்டி நிற்கிறது. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் துறவிகள் ஓர் இடத்தை வேலியிட்டு அங்கே வாழ்ந்து வழிபட்டனர். வேலிக்குள் கல்லறை வந்தது, கோயில் வந்தது, சுற்றி ஊர் வந்தது. வேலியைக் குறித்த சொல் கோயிலைக் குறித்து, பின் ஊரையும் குறித்தது. அச்சொல்லோடு அத்துறவியின் பெயரைச் சேர்த்தால் ஊர்ப்பெயர்.

சேர்க்கும்போது நிகழ்வதுதான் நமக்குச் சுவையானது. அங்கே புணர்ச்சி உண்டு! நம் மொழியில் 'பல்' என்பதும் 'பொடி' என்பதும் சேர்ந்து 'பற்பொடி' ஆகின்றன. நிலைமொழியின் ஈறு திரிவது நம்மிடம் மிகுதி. வேல்சு மொழியில் வருமொழியின் முதலெழுத்தே திரிகிறது. மிக்கேலுக்கு அவர்கள் மொழியில் 'மிஹாங்கல்' என்று பெயர். 'லன்' முன்னே வந்தால் மகரம் வகரமாகி 'லன்விஹாங்கல்' ஆகும். வேல்சு நாட்டின் காவற்புனிதரான டேவிட்டுக்கு 'டெவி' என்று பெயர். அது 'லன்தெவி' ஆகும். 'காடோக்' என்பவர் பெயரின் முதலில் நிற்கும் ககரம், 'பக்கம்' என்பதில் ஒலிக்கும் ககரம் 'சங்கம்' என்பதில் ஒலிக்கும் ககரமாவதுபோல் மாறும். அதுவே லன்கட்டாக் ஊரின் பெயரில் இருப்பது. 'குவிதெரின்' என்னும் துறவியின் பெயரில் முதலெழுத்தே மறைந்து போகும். அதுவே லன்வெதரின்.

இந்த விதியை அறிந்துகொண்டபின் பெயர்ப் பலகைகள் எனக்குப் பேசத் தொடங்கின. டெய்லோ, டெவி, காடோக் என்னும் மூவரும் ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்த வேல்சுத் துறவிகள். மிக்கேல் பெயர் கொண்ட ஊர்களோ பிற்காலத்தில், பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டுக்குப் பின், எழுந்தவை எனக் கருதுவர். லன்வெதரினில் உள்ள கோயில் இன்று பெரிய யாகப்பரின் பெயரால் வழங்குகிறது. கோயிலின் பெயர் மாறிவிட்டது. ஊர்ப் பெயர் பழைய துறவியை விடவில்லை.

இன்னொன்று. லன்விஹாங்கல் குருக்கார்னிக்கு அருகே ஓர் ஊர், பெயர் பாண்டி! நம் பாண்டி நாட்டார் அங்கே போய்க் குடியேறினரோ என்று யாரும் ஆராய்ச்சி தொடங்க வேண்டா. கம்பளித் துணியைத் தண்ணீரில் தோய்த்து அடித்துத் தடிப்பாக்கும் ஆலைக்கு வேல்சு மொழியில் அப்பெயர். அவ்வூரில் 1921இல் இரயில்வே தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ரேமண்டு வில்லியம்ஸ். பண்பாட்டைப் பற்றிய அவர் நூல்களை நம்மில் ஆங்கில இலக்கியம் பயில்வோர் பாடமாகவே படிக்கின்றனர். 'எல்லை நாடு' என்னும் பொருள்படத் தலைப்பிட்ட அவருடைய நாவல் 1960இல் வெளிவந்தது. அவ்வெல்லை எது என்று அறிய விரும்புவோர் இம்மலைமேல் ஏறினால் போதும்.

கோணிய கோயிலும் தப்பிய மரத்தட்டியும்

இவ்வூர்க் கோயில்கள் பெரியனவல்ல. நூறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடுபவை பல. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு செய்தியை வைத்திருக்கிறது. லன்கட்டாக் லிங்காய்டு கோயிலின் சுவர்களுக்கு வெளியே சுண்ணாம்பு பூசி வெண்மையாக்கியிருக்கிறார்கள். உள்ளே, பாம்பரசுரனைக் கொல்லும் ஜார்ஜின் பழைய சுவரோவியம் மங்கித் தெரிகிறது. மதச் சீர்திருத்தம் வந்தபோது இத்தகைய ஓவியங்களின்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அழிக்க அடித்த சுண்ணாம்பே அவற்றைக் காத்தது.

மலைக்கு வடமேற்கே சில மைல் சென்றால் கூம்யோய் என்னும் ஊர். ஸ்கிரிட்டைப் பிளந்த அதே நிலச்சரிவு அங்கும் உண்டு. மேலே மணற்கல், கீழே களிக்கல், அதே கதை. சரிந்து வந்த மண்ணின்மேலேயே மார்ட்டின் புனிதரின் கோயிலைக் கட்டிவிட்டார்கள். மண் மெல்ல மெல்ல அசைந்தது. கோயிலும் அசைந்தது. கோபுரம் ஒருபக்கம் சாய, நடுப்பகுதி மறுபக்கம் முறுக்கிக்கொண்டது. கோபுரத்தின் சாய்வு 5 பாகைக்கு மேல். உலகப் புகழ்பெற்ற பைசா கோபுரத்தின் சாய்வினும் மிகுதி. முட்டுச் சுவர் கொடுத்துத் தாங்கி வைத்திருக்கிறார்கள். நிலநூல் மாணவனுக்கு இதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் கிடைக்காது. அங்கே இன்றும் வழிபாடு நடக்கிறது.

அதற்கு அடுத்த பள்ளத்தாக்கில், வழி தவறாமல் போய்ச் சேர்வதே அரிதான இடத்தில், பத்ரிஷோ கோயில் இருக்கிறது. மக்கள் நிற்கும் பகுதியையும் பலிபீடத்தையும் பிரிக்கும் மரத்தட்டி ஒன்று அங்கே உண்டு. ஏறத்தாழ 1500ஆம் ஆண்டில் செதுக்கியது. கொடியும் இலையும் அவற்றைக் கவ்வும் பாம்புவடிவமும் சரிகை வேலைபோல் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டுள்ளன. இத்தகைய தட்டிகளின் மேற்பகுதியை நாடெங்கும் இடித்தபோது இது தப்பிவிட்டது. வழி கடினமானதால் இடிப்பவர் எட்டவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. பெருநகரக் கோயில்கள் இழந்ததை ஒரு மூலைக் கோயில் காத்தது.

மொழி போன வழி

இவ்வளவு பெயர்களைக் கேட்டபின் ஓர் ஐயம் எழும். ஊர்ப்பெயர், மலைப்பெயர், ஆற்றுப்பெயர் எல்லாம் வேல்சு மொழியில் இருக்கின்றனவே, அவ்வூரார் பேசுவது என்ன மொழி? ஆங்கிலம். பலகையில் உள்ள பெயரின் பொருளைக் கேட்டால் பலர் சிரித்துக்கொண்டே தெரியாது என்றனர். இதுதான் அம்மலையடியில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது.

இது எவ்வாறு நேர்ந்தது? ஒரே நாளில் அன்று. ஒரே கையாலும் அன்று. 1536ஆம் ஆண்டுச் சட்டம் வேல்சை இங்கிலாந்தோடு இணைத்தது. நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமே என்றும், வேல்சு மொழி மட்டும் அறிந்தவர் அரசுப் பதவி வகிக்கலாகாது என்றும் அது விதித்தது. இம்மலை இருக்கும் மான்மத் மாவட்டம் அப்போது உருவாக்கப்பட்டதே. 1542இல் வேல்சுக்கெனத் தனி நீதிமன்றங்கள் அமைத்தபோது அம்மாவட்டத்தை மட்டும் அவற்றில் சேர்க்கவில்லை. அதனால் அது வேல்சா, இங்கிலாந்தா என்ற ஐயம் நானூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் 1974இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் அது வேல்சே என்பது ஐயமறத் தீர்ந்தது.

முதலில் நிலப்பிரபுக்கள் மொழி மாறினர், பதவி வேண்டுமல்லவா? பின்பு எல்லைப்புறச் சந்தைகளில் விற்போரும் வாங்குவோரும் மாறினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிக்கூடம் மாற்றியது. வேல்சு நாட்டுக் கல்வியை ஆராய்ந்து 1847இல் அரசு வெளியிட்ட அறிக்கை, மக்களின் பின்தங்கிய நிலைக்கு அவர்கள் மொழியையும் ஒரு காரணமாகக் கூறி இழித்தது. தாய்மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைக் கட்டித் தொங்கவிட்ட பள்ளிகளும் இருந்தன. அப்பிள்ளை, வேறொரு பிள்ளை தாய்மொழியில் பேசுவதைப் பிடித்துக் கொடுத்தால் துண்டு அவன் கழுத்துக்கு மாறும். நாள் முடிவில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. ஒரு மொழியை அழிக்க அதைப் பேசுபவர்களையே ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிட்ட கொடுமை இது. அவ்வாறு வளர்ந்த பிள்ளை பெற்றோரான பிறகு தன் மகனுக்கு எந்த மொழியைக் கற்பிப்பான்?

இத்தனைக்கும் இடையே மொழிக்காக நின்றவர்களும் இதே வட்டாரத்தில் இருந்தனர். அபர்கவெனியில் 1833இல் ஒரு வேல்சு மொழிச் சங்கம் தோன்றியது. இருபதாண்டு காலம் அது பாட்டுக்கும் கட்டுரைக்கும் யாழுக்கும் போட்டிகள் நடத்திப் பரிசளித்தது. அதற்குத் துணை நின்றவர்களுள் தலையாயவர் லனோவர் சீமாட்டி. அவர் ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தவர். ஆயினும் தம் மாளிகையில் வேல்சு மொழியையும் உடையையும் யாழையும் போற்றி வளர்த்தார். 'குவென்ட் நாட்டுத் தேனீ' என்பது அவர் பூண்ட புலமைப் பெயர். 1853இல் நடத்திய விழாவோடு அச்சங்கத்தின் விழாக்கள் முடிந்தன. விழா நடந்த ஊரிலேயே மொழி தேய்ந்தது. சீமாட்டியின் மாளிகையில் யாழ் ஒலித்தது. பள்ளிக்கூடத்தில் மரத்துண்டு தொங்கியது. இரண்டில் எது வலியது என்பதற்குக் காலமே விடை சொன்னது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்கள் அதே பள்ளிக்கூடத்தைத் திருப்பிப் பிடித்தனர். வேல்சு மொழியிலேயே எல்லாப் பாடமும் நடத்தும் பள்ளிகள் பெருகின. அபர்கவெனியிலும் அத்தகைய தொடக்கப்பள்ளி ஒன்று நடக்கிறது. 1967, 1993 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் மொழிக்கு உரிமைகளைத் தந்தன. 2011ஆம் ஆண்டுச் சட்டம் வேல்சு நாட்டில் அதற்கு ஆட்சிமொழித் தகுதி அளித்தது. 2016இல் வேல்சு நாட்டின் தேசியக் கலைவிழா அபர்கவெனியில், ஸ்கிரிட்டின் பார்வையில், நடந்தது. எனினும் கணக்கை மறைக்கக் கூடாது. 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நாடு முழுவதும் வேல்சு மொழி பேசத் தெரிந்தவர் நூற்றுக்கு 17.8 பேர், மான்மத் மாவட்டத்தில் பத்தில் ஒருவரும் இல்லை. அவர்களுள் பள்ளிப் பிள்ளைகள் மிகுதி. அப்பிள்ளைகள் பள்ளிக்கு வெளியிலும் அம்மொழியைப் பேசுவார்களா என்பதே அங்கு எல்லாரும் கேட்கும் கேள்வி.

பெயர் மட்டும் போதுமா?

ஊர்ப்பெயர்கள் அங்கே செய்த பெருந்தொண்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பேச்சில் மொழி போனபின்னும் அவை காத்திருந்தன. திரும்பி வந்தவர்கள் படிப்பதற்கு முதற்பாடமாக வாயிற்படியிலேயே நின்றன. லன்விஹாங்கலில் வளரும் பிள்ளை தன் பள்ளியில் புணர்ச்சி விதியைக் கற்ற அன்று, தன் ஊர்ப் பலகையை முதன்முதலாகப் பொருளுணர்ந்து படிக்கும். அந்த இன்பம் யாருக்கு வாய்க்கும்!

ஆனால் பெயர் மொழியாகாது. மலையுச்சியில் நிற்கும் இரண்டு கற்கள் கோயிலாகாததுபோல அது. கற்கள் இருந்தால் இங்கே கோயில் இருந்தது என்று அறியலாம். அங்கே பூசை நடக்க வேண்டுமானால் ஆட்கள் ஏற வேண்டும். 1676இல் ஏறினார்கள், தண்டனை உண்டென்று தெரிந்தே ஏறினார்கள்.

வீட்டை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்து படிக்கும் நமக்கு எந்தத் தண்டனையும் இல்லை. நம் விடுதி அறைக்கதவில் தமிழில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறோம். பார்க்க அழகாகவே இருக்கிறது. அக்கதவுக்கு உள்ளே நாம் என்ன பேசுகிறோம், என்ன படிக்கிறோம் என்பதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.